கொரிய விசைப்பலகையில் குறியீடும் இடைவெளியும்: எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்

கொரியக் கணினிகளில் வழக்கமாக இருப்பது துபொல்சிக் என்னும் இருதொகுதி விசையமைப்பு. தென்கொரியா இதை 1982-இல் தேசியத் தரமாக்கியது. இன்று அந்தத் தரத்தின் பெயர் கேஎஸ் எக்ஸ் 5002. கொரிய எழுத்தான ஹங்குலைத் தட்ட வேண்டிய 33 எழுத்துறுப்புகளும் 26 எழுத்து விசைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. மெய்கள் இடப்பக்கம், உயிர்கள் வலப்பக்கம். இரட்டை மெய்கள் ஐந்துக்கும் இரண்டு உயிர்களுக்கும் மட்டும் ஷிஃப்ட் வேண்டும். இதனால் எண் வரிசையும் எல்லா நிறுத்தற்குறிகளும் அமெரிக்கப் பலகையில் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. தமிழ்99-இல் தட்டுபவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே சதுர அடைப்புகள் இருந்த இடத்தில் ச, ஞ, அரைப்புள்ளியில் ந, சாய்கோட்டில் ழ. சதுர அடைப்பு ஒன்று வேண்டுமென்றால் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். துபொல்சிக்கில் அந்த அலைச்சல் கிடையாது.

சிக்கல் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. ஸ்பேஸ் பாரை ஒட்டியுள்ள மொழிமாற்று விசை, பின்சாய்கோட்டின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ₩ என்ற வொன் நாணயக் குறி, கொரிய எழுத்து மரபுக்கு வேண்டியிருந்தும் சொந்த விசை இல்லாத நடுப்புள்ளி (·), மூலை அடைப்பு (「 」) போன்ற குறிகள். இவற்றுக்காக விசையமைப்பையே மாற்ற வேண்டும் என்பாரும் உண்டு. தரத்தைத் தொடவே கூடாது என்பாரும் உண்டு. எங்கள் கருத்தில் எழுத்து விசைகள் இருக்கிறபடியே இருக்கட்டும். முதலில் மொழிமாற்று விசையை இடம் மாற்றுங்கள். பிறகு எட்டுப் பத்துக் குறிகளுக்கு மட்டும் ஒரு தனி அடுக்கு வையுங்கள்; அதாவது, ஒரு விசையைப் பிடித்திருக்கும்போது மட்டும் மற்ற விசைகள் வேறு குறி தரும் ஏற்பாடு. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்பேஸ் பாரின் அக்கம்பக்கம்

அசல் 106 விசைப் பலகையில் ஸ்பேஸ் பாருக்கு இடப்பக்கம் சீன எழுத்தாக மாற்றும் ஹஞ்ஜா விசை, வலப்பக்கம் கொரியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மாற்றும் ஹன்-யொங் விசை. இரண்டுக்கும் இடம் விட்டு ஸ்பேஸ் பார் சுருங்கியிருக்கும். இன்று விற்பவற்றில் பல சாதாரண 104 விசைப் பலகைகளே: வலது ஆல்ட்டின் மேல் ஹன்-யொங் என்றும் வலது கண்ட்ரோலின் மேல் ஹஞ்ஜா என்றும் அச்சிட்டிருப்பார்கள். இவற்றில் ஸ்பேஸ் பார் 6.25 அலகு (ஓர் எழுத்து விசையின் அகலம் ஓர் அலகு), அதாவது சுமார் 119 மில்லிமீட்டர். பிற்பாடு விசை மூடிகளை மாற்றும் எண்ணம் இருந்தால் இந்த வகையையே வாங்குங்கள். 106 விசைப் பலகையின் குட்டை ஸ்பேஸ் பாருக்குப் பொதுச் சந்தை மூடிகள் பொருந்தா.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அசல் ஹன்-யொங், ஹஞ்ஜா விசைகள் அழுத்தும்போது மட்டும் சமிக்ஞை அனுப்பும். விரலை எடுக்கும்போது அனுப்பாது. மடிக்கணினிகளின் உள்ளமைந்த பலகைகளிலும் இதைக் காணலாம். அப்படிப்பட்ட விசையை ‘அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தட்டு’ என்ற வேலைக்கு வைக்க முடியாது. எப்போது விட்டீர்கள் என்று கணினிக்குத் தெரியாததால், அடுக்கு திறந்தபடியே கிடக்கும், அல்லது திறக்கவே திறக்காது. இதைச் சரிபார்க்காமல் விசைகளின் வேலையை மாற்றும் மென்பொருளில் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது வீண்.

மொழி மாற்றத்துக்கு விண்டோஸ் தரும் தேர்வுகள் இவை. முதல் வகையில் வலது ஆல்ட் மொழி மாற்றும், வலது கண்ட்ரோல் ஹஞ்ஜாவாகும். இரண்டாம் வகையில் இவை தலைகீழ். மூன்றாம் வகையில் ஷிஃப்ட்டும் ஸ்பேஸும் சேர்ந்தால் மொழி மாறும், கண்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்ந்தால் ஹஞ்ஜா வரும். நான்காவது, அசல் 103/106 விசைப் பலகைக்கானது. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய், கொரிய மொழியின் விருப்பங்களில் வன்பொருள் விசைப்பலகை அமைப்பை மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். மறுதொடக்கம் செய்யாவிட்டால் எதுவும் மாறாது.

மூன்றாம் வகை கையை நகர்த்தாமல் மொழி மாற்றுவதால் நிரலாளர்களுக்குப் பிடிக்கும். ஆனால் வேகமாகக் கொரியம் தட்டுபவருக்கு இதுதான் மிக மோசமான தேர்வு. கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், மூடும் அடைப்பு ஆகிய மூன்றுமே ஷிஃப்ட்டோடு வருபவை. மூன்றையும் அடுத்து இடைவெளி வரும். சுண்டுவிரல் ஷிஃப்ட்டை விடுவதற்குள் கட்டைவிரல் ஸ்பேஸைத் தொட்டுவிட்டால் இடைவெளி விழாது, மொழி மாறிவிடும். அடுத்த சொல் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். எழுத்துகளிலும் இதே ஆபத்து உண்டு. ‘யே’ உயிருக்கு ஷிஃப்ட் வேண்டும். செகியே (உலகம்), சிகியே (கடிகாரம்), குவான்கியே (உறவு) என அந்த உயிரில் முடியும் அன்றாடச் சொற்கள் நிறைய.

முதல் வகை இதைவிடப் பரவாயில்லை. அதிலும் ஒரு குறை உண்டு. துபொல்சிக்கில் இடைவெளிக்கு அடுத்து வருவது எப்போதும் மெய், அதாவது இடக்கை விசை. ஆகவே இடைவெளியை வலது கட்டைவிரலால் தட்டுவதே ஓட்டத்துக்குப் பொருத்தம். அந்தக் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே மொழிமாற்று விசை நிற்கிறது. 106 விசைப் பலகையில் ஸ்பேஸ் பார் குட்டை என்பதால் தவறுதலாகப் படுவது இன்னும் அதிகம்.

நாங்கள் சொல்வது கேப்ஸ் லாக். மேக்கில் விசைப்பலகை அமைப்புகளின் உள்ளீட்டு மூலங்கள் பகுதியில் இதற்கான தேர்வு தயாராகவே இருக்கிறது. பெரிய எழுத்துப் பூட்டு வேண்டுமென்றால் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதனாலேயே மிக விரைவாகத் தட்டினால் மேக் சில சமயம் அந்தத் தட்டலை ஏற்பதில்லை. அது பொறுக்காதவர்கள் விசைகளை மாற்றும் செயலியான கராபினர் கொண்டு வலது கமாண்டை எஃப்18 ஆக்கி, உள்ளீட்டு மூலத்தை மாற்றும் குறுக்குவழியாக அந்த எஃப்18-ஐக் கொடுக்கலாம், தாமதம் போய்விடும். விண்டோஸில் அதே வேலையைச் செய்யும் ஆட்டோஹாட்கீ மூலம், கேப்ஸ் லாக்கைத் தட்டும்போது மெய்நிகர் விசை எண் 21-ஐ (பதின்ம எண்) அனுப்பச் செய்யுங்கள். ஹன்-யொங் விசையின் எண் அதுவே. ஹஞ்ஜாவுக்கு 25.

வொன் குறி

கொரியாவின் பழைய ஏழு பிட் குறிமுறை, எண் 92-இல் பின்சாய்கோட்டுக்குப் பதிலாக வொன் குறியை வைத்தது. அந்த மரபு இன்றும் விடவில்லை. கொரிய விண்டோஸ் எழுத்துருக்களில் பின்சாய்கோடு ₩ என்றே தெரியும், கோப்புப் பாதைகள் உட்பட. கண்ணுக்கு வொன், கோப்புக்குள் இருப்பது எண் 92. அந்த விசையைத் தட்டி விலைப்பட்டியல் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பினால், பெறுபவர் திரையில் \50,000 என்று தெரியும்.

உண்மையான வொன் குறியின் யூனிகோடு எண் 8361. ஹஞ்ஜா விசைப் பட்டியலில் கிடைப்பது இதுவல்ல; அது முழு அகலக் குறி, எண் 65510. எண் வரிசையோடு சேரும்போது இரண்டு எழுத்து அகலம் பிடித்து அசிங்கமாக நிற்கும். கொரிய வாசகருக்கான உரையில் குறியையே தவிர்த்து, எண்ணுக்குப் பின் ‘வொன்’ என்று ஹங்குலில் ஓரசை எழுதுவது எளிது, மரபும் அதுவே. பிறருக்குப் போகும் ஆவணங்களுக்கு 8361-ஐக் குறியீட்டு அடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேக்கில் தலைவலி வேறு. கொரிய நிலையில் எண் 1-க்கு இடப்புறமுள்ள விசை ₩ தரும்; நிரலாளர்களுக்குத் தேவையான பேக்டிக் (`) வராது. தற்காலிகமாக ஆப்ஷனோடு அதே விசையைத் தட்டலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், பயனர் லைப்ரரியில் கீபைண்டிங்ஸ் கோப்புறையை உருவாக்கி, அதில் வைக்கும் இயல்பு விசைப்பிணைப்புக் கோப்பில் ‘₩ வந்தால் பேக்டிக்கைச் செருகு’ என்று ஒரே வரி எழுத வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் செயலிகளை மூடித் திறந்தால்தான் அது செயல்படும்.

விசை இல்லாத குறிகள்: மூன்று வழிகள்

முதல் வழி, ஒன்றுமே செய்யாமல் விதி தந்த சலுகையைப் பயன்படுத்துவது. கொரிய அரசு நிறுத்தற்குறி விதிகளைத் திருத்தி 2014 அக்டோபரில் அறிவித்தது. 2015 ஜனவரி 1 முதல் அவை நடப்புக்கு வந்தன. கணினித் தட்டச்சின் நடைமுறையை இந்தத் திருத்தம் ஏற்றுக்கொண்டது. முன்பு வரியின் நடுவில் ஆறு புள்ளிகளாக இட வேண்டிய தொடர்புள்ளியை இப்போது அடிவரியிலும் இடலாம், மூன்று புள்ளிகளோடும் நிறுத்தலாம். நூற்பெயருக்கான 『 』《 》 குறிகளுக்கு இரட்டை மேற்கோளும், 「 」〈 〉 குறிகளுக்கு ஒற்றை மேற்கோளும் போதும். 1919 மார்ச் 1 விடுதலை இயக்கத்தை நடுப்புள்ளியோடு 3·1 என்றும் எழுதலாம், அடிப்புள்ளியோடு 3.1 என்றும் எழுதலாம். மின்னஞ்சல், அலுவலகக் குறிப்பு, பள்ளிக் கட்டுரை ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும் என்றால் இந்த வழியே உங்களுக்குப் போதும். எந்த மென்பொருளும் தேவையில்லை. ஒரே எச்சரிக்கை: 〈 〉 இடத்தில் சிறிது-பெரிது குறிகளைப் போடாதீர்கள். வலைப்பக்கத்தில் அவை நிரல் குறிகளாக எடுத்துக்கொள்ளப்பட்டு, நூற்பெயரோடு சேர்ந்து காணாமல் போகும்.

இரண்டாவது வழி ஹஞ்ஜா விசை. தனி மெய் ஒன்றைத் தட்டி ஹஞ்ஜாவை அழுத்தினால் குறியீட்டுப் பட்டியல் விரியும். கியொக் எழுத்தில் நிறுத்தற்குறிகள், நியுனில் அடைப்புகள், திகுத்தில் கணிதக் குறிகள், ரியுலில் அலகுகளும் நாணயங்களும், மியுமில் ※ ★ போன்ற வடிவங்கள், ஹியுத்தில் கிரேக்க எழுத்துகள். எந்தக் கொரிய விண்டோஸ் கணினியிலும் இது வேலை செய்யும் என்பது பெரிய பலம். ஆனால் நடுப்புள்ளி இருப்பது கியொக் பட்டியலின் இரண்டாம் பக்கத்தில். ஒரு புள்ளிக்கு நான்கு தட்டல், ஒவ்வொரு முறையும் கண் பட்டியலுக்குப் போய்வர வேண்டும்.

அந்த எரிச்சலில்தான் ஒரு தவறு பரவியிருக்கிறது. நடுப்புள்ளி போலவே தெரியும் பழைய உயிரெழுத்து ஒன்று உண்டு, அரே-ஆ. அதன் எண் 12685. நடுப்புள்ளியின் எண் 183. இரண்டும் கலந்த ஆவணத்தில் தேடினால் பாதி அகப்படாது. வரிசைப்படுத்தினாலும் குழப்பம் வரும். பல பேர் கைவைக்கும் கோப்பு என்றால் கடைசியில் 12685-ஐத் தேடி 183 ஆக மாற்றுவதை வழக்கமாக்குங்கள். பழங்கொரிய மேற்கோள்கள் உள்ள கோப்பில் மட்டும் கண்மூடித்தனமாக மாற்ற வேண்டாம். அங்கே அது உண்மையான எழுத்து.

மேக் பயனர்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஆப்ஷன், ஷிஃப்ட், 9 சேர்ந்தால் நடுப்புள்ளி. ஆப்ஷனும் அரைப்புள்ளியும் சேர்ந்தால் முப்புள்ளி. மூலை அடைப்புக்கு நியுன் தட்டி ஆப்ஷன்-ரிட்டர்ன்.

மூன்றாவது வழி, தனி அடுக்கு. மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர், உரை வேலையே தொழிலாக உள்ளவர் எல்லோருக்கும் நாங்கள் சொல்வது இதுதான்.

அடுக்கை எந்த விரலிடம் கொடுப்பது?

வலது ஆல்ட்டை அழுத்திப் பிடித்து இடக்கையால் குறியைத் தட்டுவது நல்ல தேர்வு. விண்டோஸில் முதல் வகை அமைப்பில் இருந்தால் இது நடக்காது. அங்கே வலது ஆல்ட் ஆல்ட்டாகவே இருக்காது, ஹன்-யொங்காக மாறியிருக்கும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் மூன்றாம் வகைக்கு மாற்றுங்கள், கேப்ஸ் லாக்கை மொழிமாற்று விசையாக்குங்கள், ஷிஃப்ட்-ஸ்பேஸ் சேர்க்கையை வெறும் இடைவெளியாக மாற்றிவிடுங்கள், அதன்பின் வலது ஆல்ட்டில் அடுக்கைக் கட்டுங்கள். லினக்ஸிலும் அப்படியே: வலது ஆல்ட் ஹங்குல் விசையாகப் பிணைக்கப்பட்டிருந்தால் அந்தத் தேர்வை எடுத்துவிட்டுத்தான் அதை அடுக்கைத் திறக்கும் ‘மூன்றாம் நிலை’ விசையாக்க வேண்டும்.

எங்கள் பங்கீடு இது. எஃப் விசையில் நடுப்புள்ளி, ஜி-யில் முப்புள்ளி: அதிகம் வருபவை ஆள்காட்டி விரலுக்கு. எஸ், டி விசைகளில் 「 」. ஷிஃப்ட் சேர்த்தால் 『 』. டபிள்யூ, ஈ விசைகளில் 〈 〉. ஷிஃப்ட் சேர்த்தால் 《 》. ஆர்-இல் உண்மையான ₩, எக்ஸ்-இல் ※. ஸ்பேஸில் பிரியா இடைவெளி, அதாவது அந்த இடத்தில் வரி உடையாத இடைவெளி. இதற்கு மேல் சேர்க்க ஆசை வரும், சேர்க்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை வரும் குறிக்கு ஹஞ்ஜா பட்டியலே போதும்.

அமைத்த பிறகு ‘சோ·ஜுங்·கோ’ என்பதை ஹங்குலில் வேகமாகத் தட்டிப் பாருங்கள். தொடக்க, நடு, உயர்நிலைப் பள்ளிகளைக் குறிக்கும் இந்தத் தொடரில், அசை முடியும் முன்பே புள்ளி வந்து ஒட்டுகிறது. கொரிய உள்ளீட்டில் கடைசி அசை எப்போதும் கட்டிமுடிக்கப்படாத நிலையில் மிதந்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து ஒரு குறி நுழையும்போது சில செயலிகள் குறியை முதலில் இட்டு அசையை அதன் பின்னால் தள்ளும். புள்ளி முந்திக்கொண்டால், குறியை அனுப்பும் முன் அசையை முடித்துவைக்கச் சில மில்லிநொடி தாமதம் கொடுங்கள்.

நிரல்படுத்தக்கூடிய பலகை வைத்திருப்பவர்கள் பலகைக்குள்ளேயே எல்லாவற்றையும் செய்ய நினைப்பார்கள். பலகை விசை எண்ணை மட்டுமே அனுப்பும், எழுத்தை அனுப்பாது. ஆகவே அடுக்கில் எஃப்13 முதல் எஃப்24 வரை வைத்து, கணினியில் உள்ள மென்பொருள் அவற்றைக் குறிகளாக மாற்றட்டும்.

ஸ்பேஸ் பாரையே அடுக்கு விசையாக்கும் முறையும் பேசப்படுகிறது: தட்டினால் இடைவெளி, பிடித்தால் அடுக்கு. கொரியத்தில் இரண்டு மூன்று அசைக்கு ஒருமுறை இடைவெளி வருவதால் இது ஆபத்தானது என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் துபொல்சிக்கின் அமைப்பே ஒரு பாதுகாப்பு தருகிறது. கொரியச் சொல் எப்போதும் மெய்யில் தொடங்கும். உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்குக்கூட ஒலியில்லா இயுங் முன்னால் வரும். ஆகவே இடைவெளியைத் தொடர்ந்து வலக்கையின் உயிர் விசை வர வழியில்லை. குறிகளை மேல் வரிசையிலும் நடு வரிசையிலும் உள்ள அந்த ஒன்பது உயிர் விசைகளில் மட்டும் வைத்தால், விரல் பிந்தினாலும் தவறான குறி விழாது. கீழ் வரிசையின் உயிர்களைத் தொடாதீர்கள்: அரட்டையில் அழுகைக்கு அடிக்கடி போடும் ‘யூ யூ’, ‘ஊ ஊ’ இடைவெளிக்குப் பின் தனி உயிராகவே வரும். இடக்கை விசைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பிடிப்பு நேரத்தை, வழக்கமாக 200 மில்லிநொடி, தாண்டிவிட்டால் இடைவெளி விழுங்கப்பட்டு இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க, அடுக்கில் இடக்கை விசைகள் ஒவ்வொன்றும் ‘இடைவெளி, பிறகு அதே எழுத்து’ என்று அனுப்ப வேண்டும். ‘வேறு விசை பட்டவுடன் பிடிப்பாகக் கொள்’ என்ற தேர்வு அணைந்திருக்கட்டும்.

இந்தப் பாதுகாப்பு ஆங்கிலத்துக்குப் பொருந்தாது. ஆங்கிலச் சொற்கள் அந்த ஒன்பது விசைகளில் தாராளமாகத் தொடங்கும். பலகைக்கு எந்த மொழியில் தட்டுகிறீர்கள் என்பது தெரியாது. முழுக்கக் கொரியம் மட்டும் தட்டுபவருக்கு ஸ்பேஸ் அடுக்கு. மற்ற எல்லோருக்கும் வலது ஆல்ட்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள்

சாதாரண இடைவெளியின் எண் 32. அதன் வேடத்தில் மூன்று பேர் உலவுகிறார்கள். பிரியா இடைவெளி 160, முழு அகல இடைவெளி 12288, வெற்றிடமாகத் தெரியும் எழுத்தான ஹங்குல் நிரப்பி 12644. விண்டோஸில் ஆல்ட்டும் சமக்குறியும் சேர்ந்து பட்டால் உள்ளீடு முழு அகல நிலைக்குப் போகும். அதன்பின் தட்டும் ஒவ்வொரு இடைவெளியும் 12288. நிரலில் அது பிழையாக வெடிக்கும், விரிதாளில் சத்தமில்லாமல் பொருத்தத்தைக் கெடுக்கும். இடைவெளி வழக்கத்தைவிட அகலமாகத் தெரிந்தால் அதே விசைகளைத் தட்டித் திரும்புங்கள். மேக்கில் ஆப்ஷனைப் பிடித்தபடி ஸ்பேஸ் தட்டினால் 160 விழும். நடுப்புள்ளிக்காக ஆப்ஷனில் இருந்த விரல் எழும் முன்பே இது நடந்துவிடும். பேக்டிக்குக்காக உருவாக்கிய அதே கோப்பில், ஆப்ஷன்-ஸ்பேஸுக்குச் சாதாரண இடைவெளி என்று இன்னொரு வரி சேர்த்தால் தீரும்.

ஹான்கொம் ஹங்குல் சொற்செயலியில் எழுதுபவர்களுக்கு இவை தனி விசைகளாகவே உள்ளன: ஆல்ட்-ஸ்பேஸ் நிலையகல இடைவெளி, கண்ட்ரோல்-ஆல்ட்-ஸ்பேஸ் சேர்த்துக்கட்டும் இடைவெளி. இரு ஓரமும் சீராக்கிய பத்தியில் எண்ணும் அலகும் பிரிந்துபோகாமல் இருக்க இரண்டாவது உதவும். படிவங்களிலும் தரவுத்தளத்துக்குப் போகும் உரையிலும் இரண்டையும் தவிருங்கள்.

செபொல்சிக்குக்கு மாறுவது

கண் மருத்துவர் கொங் பியொங்-வூ 1949-இல் உருவாக்கிய தட்டச்சுப் பொறியிலிருந்து வளர்ந்த முத்தொகுதி அமைப்பு செபொல்சிக். முதல் மெய்க்கும் இறுதி மெய்க்கும் தனித்தனி விசை. துபொல்சிக்கில் இறுதி மெய் அடுத்த அசைக்குத் தாவிக் குதிப்பது இதில் இல்லை. கைகளின் ஓட்டமும் அழகு. ஆனால் அத்தனை உறுப்புகளுக்கும் இடம் வேண்டியதால் எழுத்துகள் எண் வரிசைக்கும் குறி விசைகளுக்கும் ஏறிவிட்டன.

செபொல்சிக்கின் வகைகளில் ‘இறுதி’ எனப் பெயர்பெற்ற 1991-இன் அமைப்பு உரைநடைக்காகவே செதுக்கப்பட்டது. நடுப்புள்ளிக்கும் ※ குறிக்கும் சொந்த இடம் உண்டு; திறக்கும் மேற்கோளும் மூடும் மேற்கோளும் தனித்தனி. காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் ஷிஃப்ட்டோடு தட்டினாலும் அவையே வரும், விரல் பிந்தினாலும் கெடாது. விலை என்னவென்றால் @ # $ & _, சதுர அடைப்பு, நெளி அடைப்பு எதுவும் கொரிய நிலையில் கிடையாது. அதற்கு முந்தைய 390 அமைப்பு இவற்றில் பெரும்பாலானவற்றை அமெரிக்க இடத்திலேயே வைத்திருக்கிறது. எண்கள் மட்டும் ஷிஃப்ட்டோடு வலக்கைக்குக் கீழே எண்பலகை போல அடுக்கப்பட்டுள்ளன. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இரண்டும் கிடைக்கும். ஷின் குவாங்-ஜோ 1995-இல் முன்வைத்த புதிய செபொல்சிக் வழியில் உயிரும் இறுதி மெய்யும் ஒரே விசைகளைப் பங்கிட்டுக்கொள்வதால் எண் வரிசை விடுதலையாகிறது. இதற்குத் தனி உள்ளீட்டு மென்பொருள் வேண்டும். விண்டோஸில் நல்கேசெத் அதைச் செய்யும்.

குறியீடுகளுக்காக மட்டும் இந்த மாற்றத்தைச் செய்வதை நாங்கள் ஆதரிக்கவில்லை. பழகும் காலம் நீண்டது. நூலகத்திலோ அலுவலகத்திலோ பிறர் கணினியில் உட்கார்ந்தால் பழைய அமைப்புக்கே திரும்ப வேண்டியிருக்கும். விரல் வலியோ, நாளெல்லாம் நீண்ட உரை தட்டும் வேலையோ காரணமாக மாறுபவர்கள் தாராளமாக மாறட்டும். கட்டுரையும் நூலும் எழுதுபவருக்கு இறுதி அமைப்பு. நிரலும் உரையும் கலந்து எழுதுபவருக்கு 390. ஸ்பேஸ் அடுக்கு வைத்திருந்தவர்கள் அதைத் தலைகீழாக்க வேண்டும்: செபொல்சிக்கில் முதல் மெய்கள் வலக்கையில் இருப்பதால், இடைவெளிக்குப் பின் வருவது வலக்கை விசை. ஆகவே குறிகள் இடப்பக்கம் போக வேண்டும்.